கேட்பதற்காகச் செய்யும் ஆபரேஷன் இல்லை இது

“ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணியும் காது கேக்கலையாம்மா?” இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டிருக்கிறார். நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் ஆர்.டி. கட்ட வரும் அண்ணாச்சி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மாதாமாதம் கேட்கிறார். கண்ணில் ஆபரேஷன் என்றால் பார்வை வரும், காதில் ஆபரேஷன் என்றால் கேட்கும். ஊர் அப்படித்தான் நினைக்கும். எனக்கு வந்த நோயில் அந்தக் கணக்கு செல்லாது. எனக்கு நடந்த இரண்டு ஆபரேஷனும் காது கேட்பதற்காகச் செய்தவை அல்ல. இதைக் கவுண்டரில் விளக்கினால் பின்னால் நிற்கும் வரிசை சும்மா இருக்காது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நோயின் பெயர் கொலஸ்டியட்டோமா. புற்றுநோய் இல்லை. சாதாரணத் தோல், இருக்கக் கூடாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வளர்வது, அவ்வளவுதான்.

காதுத் துளைக்குள் இருக்கும் தோலும் கை, கால் தோலைப் போல மேலடுக்கு செத்து உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. உதிர்ந்தது மெதுவாக நகர்ந்து தானாகவே வெளியே வந்துவிடும். செவிப்பறைக்கு அந்தப் பக்கம், நடுக்காதில், இந்தத் தோல் கிடையாது, மெல்லிய சளிச்சவ்வுதான். அந்த அறைக்குக் காற்று வருவது மூக்குக்குப் பின்னாலிருந்து போகும் ஒரு சின்னக் குழாய் வழியாக. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து மூடும் யூஸ்டேஷியன் குழாய் அது. சிலருக்கு அது ஒழுங்காகத் திறப்பதில்லை. உள்ளே காற்றழுத்தம் குறைந்துபோகும். செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். அதிலும் செவிப்பறையின் மேல் ஓரத்தில் ஒரு பகுதி பிறவியிலேயே தளர்வானது. அதுதான் முதலில் குழிந்து ஒரு பை மாதிரி ஆகிறது. பையின் வாய் குறுகலாகிவிட்டால் உதிர்ந்த தோல் வெளியே வர வழியில்லை. உள்ளேயே அடுக்கடுக்காக, வெங்காயத்தை உரித்தால் வருகிற மாதிரி, வெள்ளையாகச் சேர்கிறது. அதில் ஈரமும் கிருமியும் சேர்ந்தால் நாற்றம்.

நாற்றத்தோடு நின்றால் பரவாயில்லை. இது எலும்பை அரிக்கும். பையின் அழுத்தமும், அதைச் சுற்றி நடக்கும் அழற்சியில் சுரக்கும் பொருள்களும் சேர்ந்து, பக்கத்தில் இருக்கிற எலும்பை மெதுவாகக் கரைக்கின்றன. பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்பதுதான் விஷயமே. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று குட்டி எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. முகத்தை அசைக்கும் நரம்பு ஒரு மெல்லிய எலும்புக் குழாய்க்குள் அவற்றை ஒட்டியே ஓடுகிறது. உடம்பை நிலையாக நிறுத்தும் அரைவட்டக் குழல்கள் பக்கத்துச் சுவரில். மேலே கூரை என்று இருப்பது மிக மெல்லிய எலும்புத் தகடு. அதற்கு மேல் மூளை. பின்னால், மூளையிலிருந்து இரத்தத்தைக் கீழே கொண்டுவரும் பெரிய சிரைக் குழாய். இத்தனையும் ஒரு நெல்லிக்காய்கூட நுழையாத இடத்தில்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது வடியும். எங்கள் ஆச்சி அதை ஒரு நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “பிள்ளைகளுக்குக் காது வடியாம மூக்கா வடியும்” என்பாள். மூக்கும் வடிந்தது என்பது வேறு விஷயம். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். பெரியவளான பிறகு வடிவது குறைந்தது. குறைந்ததால் எல்லாரும் சரியாகிவிட்டது என்றே எண்ணினோம். வீட்டுப் பக்கத்து டாக்டர் ஒருவர், சீழ் தெரியும்போதெல்லாம் சொட்டு மருந்து எழுதித் தருவார். ஒரு வாரம் காய்ந்திருக்கும். மறுபடி கசியும். அவர் ஒரு தடவைகூட காதுக்குள் விளக்கடித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பின்னால் தெரிந்துகொண்டது இது. காது வடிவதில் இரண்டு வகை. நம் ஊர் டாக்டர்கள் பழைய வழக்கப்படி ஒன்றைப் பத்திரமான வகை என்றும் இன்னொன்றைப் பத்திரமில்லாத வகை என்றும் சொல்கிறார்கள். சளி பிடிக்கும்போது நிறைய, வழவழவென்று, நாற்றமில்லாமல் வடிந்தால் பெரும்பாலும் அது செவிப்பறையின் நடுவில் ஓட்டை உள்ள பத்திரமான வகை. கொஞ்சமாக, தலையணை உறையில் ஒரு பொட்டு மஞ்சள் தெரியும் அளவுக்கு, ஆனால் குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு கசிந்தால் அதுதான் கவலைப்பட வேண்டியது. நம் வீடுகளில் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துவைத்திருக்கிறோம். நிறைய வந்தால் பதறுவோம். கொஞ்சமாக வந்தால் விட்டுவிடுவோம். வலி வேறு இருக்காது.

திருநெல்வேலியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனது, மணியார்டர் அனுப்ப வந்த ஒரு பெரியவர் சொன்ன முகவரியை நான் திரும்பத் திரும்பக் கேட்டு அவர் கோபப்பட்டதற்கு அடுத்த வாரம். டாக்டர் என்னைப் படுக்க வைத்து மைக்ரோஸ்கோப்பைக் காதுக்கு மேல் கொண்டுவந்தார். செவிப்பறையின் மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த பொருக்கை உறிஞ்சி எடுத்தார். எல்லாம் பக்கத்துத் திரையில் தெரிந்தது. பொருக்குக்கு அடியில் வெள்ளை வெளேரென்று ஏதோ எட்டிப்பார்த்தது. “இந்தப் பொருக்கை யாரும் எடுத்துப் பார்க்கலையா?” என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அப்புறம் இசைக்கவை ஒன்றைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். “எந்தக் காதுல அதிகமா கேக்குது?” இடது காதில். நான் தப்பாகச் சொல்கிறேன் என்று நானே நினைத்தேன். கேட்காத காதில் எப்படி அதிகமாகக் கேட்கும்? “சரியாத்தான் சொல்றீங்க” என்றார் அவர். உள்காதும் நரம்பும் நன்றாக இருந்து, ஒலி போய்ச் சேரும் வழியில் மட்டும் தடை இருந்தால், எலும்பு வழியாக வரும் சத்தம் அந்தக் காதில்தான் தூக்கலாகக் கேட்கும். வெளிச்சத்தம் வந்து அதை அமுக்குவதில்லை என்பது ஒரு காரணம். வீட்டில் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு “ம்ம்ம்” என்று முனகிப் பாருங்கள், அடைத்த காதில்தான் சத்தம் அதிகம். நரம்பே கெட்டிருந்தால் சத்தம் நல்ல காதுக்குப் போய்விடும். ஒரு இரும்புத் துண்டை நெற்றியில் வைத்து இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதில் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

எவ்வளவு கேட்கிறது என்று அளந்து பார்க்கும் ஆடியோகிராமும் அதையே சொன்னது. சிடி ஸ்கேனில், பட்டடை எலும்பின் நீண்ட காலைக் காணவில்லை. மூன்று எலும்பில் பெரும்பாலும் முதலில் போவது அதுதானாம்; இரத்த ஓட்டம் குறைவான இடம்.

சரி, ஆபரேஷன் என்றதும் நான் முதலில் கேட்டது எல்லாரும் கேட்பதைத்தான். “டாக்டர், முன்ன மாதிரி கேக்குமா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு காது வரைந்தார். “அம்மா, இதுல மூணு வேலை இருக்கு. மொதல்ல இது உங்க மூளைக்கும் முகத்துக்கும் போகாம தடுக்கணும். அடுத்தது, காது வடியாம காய்ஞ்சு இருக்கணும். மூணாவதுதான் கேக்குறது. மொத ரெண்டுக்காக மூணாவதை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தா, யோசிக்காம விட்டுருவேன். மூணாவதுக்காக மொத ரெண்டை விடமாட்டேன்.” அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னார்: “இப்ப உங்களுக்குக் கொஞ்சம் கேக்குதே, அதுவே அந்தக் கட்டி வழியாத்தான் இருக்கும். அரிச்சுப்போன எலும்புக்குப் பதிலா அதுவே சத்தத்தைக் கடத்தும். அதை எடுத்தா, இருக்குறதும் குறையலாம்.”

நோயே செவிக்கருவியாக வேலை செய்கிறது! அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இந்த வரிசை அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1791இல் டென்மார்க் அரச மருத்துவர் பெர்கர் என்பவருக்குக் காதுக்குப் பின்னால் எலும்பைத் துளைத்து ஆபரேஷன் செய்தார்கள். எதற்காக? காது மந்தம், காதில் இரைச்சல், அதைச் சரிசெய்ய. அவர் மூளைக்காய்ச்சல் வந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த ஆபரேஷனையே மருத்துவர்கள் தொடப் பயந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 1873இல், ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸே என்ற மருத்துவர் அதே எலும்பைத் திறப்பதற்கு முறையான வழி வகுத்து எழுதினார். இந்தத் தடவை நோக்கம் வேறு: சீழை வெளியேற்றி உயிரைக் காப்பாற்ற. மருத்துவ உலகம் அதை ஏற்றுக்கொண்டது. கேட்பதற்காகத் திறந்தபோது உயிர் போனது, உயிருக்காகத் திறந்தபோது நிலைத்தது. கேட்கும் திறனைத் திருப்பித் தரும் முயற்சியெல்லாம் மைக்ரோஸ்கோப்பும் கிருமிக்கொல்லி மருந்தும் வந்த பிறகு, 1950களில்தான் சூடுபிடித்தது. காது ஆபரேஷனுக்கு மைக்ரோஸ்கோப்பை முதலில் கொண்டுவந்தவர் ஸ்வீடனின் நைலேன், 1921இல்.

ஆபரேஷனில் இரண்டு வழி. காதுத் துளையின் பின்சுவர் எலும்பை அப்படியே விட்டுவைத்து, காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து அந்தப் பக்கமாகவும் துளை வழியாகவும் எட்டிப்பிடித்து நோயை எடுப்பது ஒன்று. பின்சுவரையே இடித்து, துளையும் குடைந்த இடமும் சேர்ந்து ஒரே பள்ளமாக ஆக்கிவிடுவது மற்றது. முதல் வழியில் காது பார்க்கவும் பழகவும் பழைய மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டாலும் பெரிதாகப் பிரச்சினை இல்லை. ஆனால் மூலைமுடுக்கில் நோய் ஒட்டிக்கொண்டிருந்தால் தெரியாது, திரும்பி வர வாய்ப்பு அதிகம். அதனால் பல டாக்டர்கள் ஓராண்டு வாக்கில் மறுபடி திறந்து பார்ப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ எடுப்பார்கள். இரண்டாவது வழியில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திறந்து கிடக்கும், திரும்பி வருவது குறைவு. ஆனால் அந்தப் பள்ளத்தை ஆயுசுக்கும் பராமரிக்க வேண்டும். இப்போது எண்டோஸ்கோப்பைத் துளைக்குள்ளேயே விட்டு, பின்னால் வெட்டாமல் செய்வதும் உண்டு. நோய் சின்னதாக நடுக்காதோடு நின்றிருந்தால் அது நல்ல வழி. எது யாருக்கு என்பது நோய் எங்கே போயிருக்கிறது, மற்றக் காது எப்படி, நோயாளி தவறாமல் வருவாரா என்பதையெல்லாம் பொறுத்தது. ஒன்று உயர்ந்தது மற்றது மட்டம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்புவதில்லை.

எனக்கு முதலில் செய்தது சுவரை விட்டுவைக்கும் வகை. முழு மயக்கம். காதுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி அளவு முடி மழித்தார்கள். நெற்றிப்பொட்டுத் தசையின் மேல் இருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டை எடுத்து அதையே புதுச் செவிப்பறையாக வைத்துவிடுகிறார்கள். நம்முடைய திசுவே என்பதால் உடம்பு ஏற்றுக்கொள்கிறது. மயக்கம் தெளியும்போது யாரோ கன்னத்தைத் தட்டி, “சிரிங்கம்மா. நல்லா பல்லு தெரியச் சிரிங்க” என்றார்கள். சிரித்தேன். “கண்ணை இறுக்கி மூடுங்க.” மூடினேன். “சரி, நல்லாருக்கு” என்று டாக்டரின் குரல். எனக்கு ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் பட்டது. முக நரம்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சிரிப்பு என்று மறுநாள் நர்ஸ் சொன்னார். அந்த நரம்பை மூடியிருக்கும் எலும்பு பலருக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் திறந்திருக்கும். நோய் அரித்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். டிரில் அதன் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நரம்பு சீண்டப்பட்டால் ஒலி எழுப்பும் கருவியை வைத்துக்கொண்டு செய்பவர்களும் உண்டு.

அந்த நரம்பு போனால் எப்படி இருக்கும் என்பதை அதே வார்டில் பார்த்தேன். சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒரு தம்பி. ஆபரேஷனால் அல்ல, ஆபரேஷனுக்கு முன்னாலேயே நோய் நரம்பைத் தொட்டுவிட்டது. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது வாயின் ஒரு ஓரத்தில் தண்ணீர் வழிந்திருக்கிறது. அவரது அம்மா காற்றடித்துவிட்டது, பேய்க்காற்று என்று எங்கெங்கோ கூட்டிப்போயிருக்கிறார். இடது கண் மூடாது. இரவில் டேப் ஒட்டித் தூங்குவார். தறிச் சத்தத்தில் காது கேட்காமல் போவது சகஜம் என்று வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லையாம். அவசரமாக எடுத்து ஆபரேஷன் செய்து நரம்பின் மேல் இருந்த அழுத்தத்தை நீக்கினார்கள். நான் வீட்டுக்குப் போகும் நாளில் புருவம் லேசாக அசைந்தது என்று அந்த அம்மா எல்லார் படுக்கைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த அசைவு தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது.

எனக்கு வந்த சிக்கல் சின்னது, ஆனால் யாரும் அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நாக்கு. செவிப்பறைக்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு நரம்பு குறுக்கே ஓடுகிறது. நாக்கின் முன்பகுதியில் அந்தப் பக்கத்துச் சுவை அது கொண்டுபோவதுதான். நோய்க்கு நடுவே மாட்டிக்கொண்டால் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டாவிட்டாலும் இழுபட்டால் கொஞ்ச காலம் கோளாறு பண்ணும். மாதக்கணக்கில் எதைத் தின்றாலும் வாயின் இடப்பக்கம் பித்தளைத் தம்ளரை நக்கிய மாதிரி இருந்தது. காபி சகிக்கவில்லை. ரசத்துக்கு உப்புப் பார்க்கும்போது நாக்கின் வலது ஓரத்தில் சொட்டுவிட்டுப் பார்க்கப் பழகினேன். இடது பக்கத்தை நம்பி உப்புப் போட்ட ஒரு நாள் சாம்பாரை என் மாமியார் பேசாமல் மோர் ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துபோனார். பிறகு மெல்ல மெல்லச் சரியானது, அல்லது பழகிவிட்டது. எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

காதுமடல் பல மாதம் மரத்துக் கிடந்தது. கம்மல் மாட்டும்போது வேறு யாருடைய காதையோ தொடுகிற மாதிரி இருக்கும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் போய்ப் புதுச் செவிப்பறையைத் தள்ளிவிடும். அலுவலகத்தில் வாயைத் திறந்து தும்மிய சத்தத்தில் ஸ்பீடு போஸ்ட் வாங்க வந்த குழந்தை அழுதுவிட்டது.

அப்புறம் நல்ல காலம். காது காய்ந்தது. கேட்பதும் முன்னைவிடக் கொஞ்சம் தேவலை. அரித்துப்போன பட்டடைக்குப் பதிலாகக் காதுமடலின் குருத்தெலும்பில் ஒரு துண்டை வைத்திருந்தார். வருடாவருடம் போய்க் காட்டுவேன். அவர் முதலிலேயே சொல்லியிருந்தார், நோயை முழுக்க எடுத்தாலும் அதை உண்டாக்கின காரணம் போகவில்லை என்று. யூஸ்டேஷியன் குழாய் பழைய குழாய்தான். அது மறுபடி செவிப்பறையை உள்ளே இழுக்கலாம், மறுபடி பை உருவாகலாம். விட்டுப்போன துணுக்கு வளர்வது ஒன்று, புதிதாக உருவாவது இன்னொன்று. எனக்கு இரண்டாவது.

அது அறிவித்துக்கொண்ட விதம்தான் விநோதம். போனை இடது காதில் வைத்து அழுத்தினால் கவுண்டர் மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எடுத்தால் நின்றது. மறுபடி அழுத்தினால் மறுபடி சாய்ந்தது. பில்டிங் ஆடுகிறது என்று எழுந்தே விட்டேன். டாக்டர் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் குருத்தை விரலால் அழுத்திவிட்டு என் கண்ணையே பார்த்தார். கண்மணி ஒரு பக்கமாக ஓடி ஓடி வந்திருக்கிறது. அரைவட்டக் குழல்களில் பக்கவாட்டில் இருப்பதன் எலும்பை நோய் அரித்து ஓட்டை போட்டுவிட்டது. வெளியே அழுத்தினால் உள்ளே இருக்கும் நீர் அசைகிறது, மூளை உடம்பு சுற்றுவதாக எடுத்துக்கொள்கிறது. ஸ்கேனில் அந்த ஓட்டை கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. எம்ஆர்ஐயில் ஒரு குறிப்பிட்ட வகைப் படத்தில் கொலஸ்டியட்டோமா மட்டும் வெள்ளையாக மின்னும். மூன்று மில்லிமீட்டர் வாக்கில் இருந்தாலே காட்டிக்கொடுத்துவிடும். சிடியில் சீழும் சதையும் நோயும் ஒரே சாம்பல் நிறம்.

இந்தத் தடவை நான் கேட்குமா என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். ஓட்டையின் மேல் இருக்கும் தோலை உரிக்கும்போது உள்காது திறந்துகொண்டால், இருக்கிற கொஞ்ச நஞ்சமும் ஒரேயடியாகப் போகலாம், தலைச்சுற்று சில வாரம் படுக்கவைக்கலாம். அதனால் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கடைசியில்தான் தொடுவார்கள். உரித்த உடனே திசுவால் மூடிவிடுவார்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் அந்தத் துளித் தோலை அங்கேயே விட்டுவிடுவதும் உண்டு. பள்ளம் திறந்திருந்தால் அதைக் கண்காணிக்க முடியும். ஆகவே சுவரை இடிப்பது என்று முடிவானது. கையெழுத்துப் போடும் படிவத்தில் முக வாதம், முழுச் செவிடு, தலைச்சுற்று, மூளைநீர் கசிவு, மூளைக்காய்ச்சல் என்று வரிசையாக எழுதியிருந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு வராந்தாவில் நடக்கப் போய்விட்டார். நான் தபால் இலாகாக்காரி, படிவம் பார்த்துப் பயப்படுகிற ஜாதி இல்லை. அவை ஆபரேஷன் செய்யாமல் விட்டாலும் வரக்கூடியவை என்பதையும் அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்தது, முகம் பிழைத்தது, உள்காதும் பிழைத்தது. கேட்பது, டாக்டர் எச்சரித்தபடி, கீழே இறங்கியது. எலும்புச் சங்கிலியில் அங்கவடியின் அடித்தட்டு மட்டும்தான் மிச்சம். டைட்டானியத்தில் செயற்கை எலும்பு வைக்கலாம், ஆனால் காது முழுக்கக் காய்ந்து நோயில்லை என்று உறுதியான பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவேன் என்றார்.

இப்போது என் இடது காதின் வாய் வலது காதைவிட அகலம். உள்ளே பள்ளத்தைச் சுத்தம் செய்யக் கருவி நுழைய வேண்டும், காற்றும் போய்வர வேண்டும் என்பதற்காக அப்படிப் பெரிதாக்குகிறார்கள். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதற்கென்றே முடியை முன்னால் இழுத்துப் பின்னிவிடுவாள். இந்தப் பள்ளத்தில் உதிரும் தோலுக்குத் தானாக வெளியே நகரத் தெரியாது. தேங்கும். தேங்கினால் ஈரம், ஈரமானால் நாற்றம், பழைய கதை. அதனால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் படுத்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வலிக்காது. ஆனால் உறிஞ்சு குழாய் உள்ளே போனதும் விமான நிலையத்தில் படுத்திருக்கிற மாதிரி ஓர் இரைச்சல். அது கிளப்பும் குளிர்ந்த காற்று அரைவட்டக் குழலில் பட்டதும் கட்டில் சுழல ஆரம்பிக்கும். “சுத்துது டாக்டர்” என்றால் நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தொடங்குவார். நன்றாக இருக்கும்போது எதற்குப் போவது என்று நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்களாம். அங்கே காத்திருப்போர் பெஞ்சில் பழக்கமான ஒரு அம்மா, ஊருக்குப் போய்ப் பல வருடம் கழித்து, காதுக்குப் பின்னால் வீக்கத்தோடு வந்து சேர்ந்தார்.

தண்ணீர் ஆகாது. தென்காசிப் பக்கம் இருந்துகொண்டு குற்றாலத்தில் தலை காட்ட முடியாது என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். சாரல் காலத்தில் விருந்தாளிகளைக் கூட்டிப்போவேன். துணிமூட்டைக்குக் காவல் நானே. ஐந்தருவித் தண்ணீர் ஒரு கை அளவு அந்தப் பள்ளத்துக்குள் போனால் தொற்று அப்புறம், முதலில் நின்ற இடத்திலேயே தலை சுற்றிப் பாறையில் விழுவேன். வீட்டில் தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை அடைத்துக்கொள்கிறேன். மார்கழியில் பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் இருக்கை கூடாது. எதிர்க்காற்று பள்ளத்துக்குள் புகுந்தால் ஆலங்குளம் வருவதற்குள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருப்பேன்.

அலுவலகத்தில் இடது கோடிக் கவுண்டரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இடப்பக்கம் சுவர், பேசுகிற ஆட்கள் எல்லாம் வலப்பக்கம். ஒரு காதில் மட்டும் கேட்பவர்களுக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. மதியம் கூட்டத்தில் யாராவது “மேடம்” என்றால் எல்லாத் திசையிலும் தேடுவேன். செல்வமகள் கணக்குத் தொடங்க வருகிற இளம் அம்மாக்கள் இதைப் பார்த்து நான் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

சாதாரணச் செவிக்கருவி போட்டுப் பார்த்தோம். அச்சு காதை அடைத்துக்கொண்டது, உள்ளே புழுங்கியது, இரண்டாவது வேலையாக டாக்டர் பாடுபட்டுக் காயவைத்த காது மறுபடி கசிய ஆரம்பித்தது. எடுத்துவிட்டோம். போன தடவை போனபோது எலும்பு வழியாகச் சத்தத்தைக் கடத்தும் கருவியை ஒரு தலைப்பட்டையில் மாட்டி என் காதுக்குப் பின்னால் வைத்துக் காட்டினார்கள். துளையைத் தொடுவதே இல்லை. மண்டையோடு அதிர்ந்து நேரே உள்காதுக்குப் போகிறது. நெற்றியில் வைத்த இசைக்கவை கேட்டதே, அதே வழிதான். ஆடியோகிராம் எடுக்கும் பெண் என் இடப்பக்கம் நின்று, வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, ஊர்ப் பெயராகச் சொன்னாள்: கடையநல்லூர், சுரண்டை, பாவூர்சத்திரம். ஒன்றுகூட விடாமல் திருப்பிச் சொன்னேன். அஞ்சல் குறியீட்டு எண்ணையும் சேர்த்துச் சொன்னேன், அவள் கேட்கவில்லை.

நிரந்தரமாக வேண்டுமென்றால் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்ன டைட்டானியத் திருகைப் பதித்து அதில் மாட்டலாமாம். பட்டையோடும் வைத்துக்கொள்ளலாம். விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம். “எட்டாவது ஊதியக் குழு வரட்டும்” என்றார் என் கணவர். நான் அதுவரை பட்டையை வாடகைக்குத் தருவார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.